முதுகு வலியும் டிஸ்க் பிரச்சினையும் – நாம் தெரிந்து கொள்ள வேண்டியவை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். கடைசியில் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் உள்ளன.)



இந்த மாதம் எதைப் பற்றிப் பேசலாம் என்று போன கூட்டத்தில் கேட்டபோது, வங்கிக் கடன் பற்றிப் பேசுங்கள் என்று சிலர் சொன்னீர்கள். பின் வரிசையிலிருந்து ஒரு அக்கா, "கடன் கிடக்கட்டுங்க மேடம், இந்த இடுப்பு வலிக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்த அக்கா கேட்டதும் கடன் சம்பந்தப்பட்ட விஷயம்தான். உங்கள் உள்கடன் நோட்டை எடுத்துக் காரணம் என்ற கட்டத்தைப் பாருங்கள். பள்ளிக்கூடப் பணம், ஆடு வாங்க, ஓடு மாற்ற என்பதற்கு நடுவிலே "ஸ்கேன் எடுக்க", "முதுகு வலி வைத்தியம்", "இடுப்பு ஊசி" என்று வந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கடனைத் திருப்பிக் கட்ட மறுபடியும் ஒன்றரை ஷிப்ட் வேலைக்குப் போகிறோம். அந்த ஒன்றரை ஷிப்ட்டிலேதான் முதுகு போகிறது.

பணம் மட்டும் இல்லை. அம்மாவுக்கு முதுகு முடியவில்லை என்று, பத்தாவதோடு மகளை நிறுத்திக் கம்பெனி வேனில் ஏற்றிவிட்ட வீடுகள் நம் பகுதியிலே எத்தனை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதனால் இதை லேசான விஷயமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

உலகம் முழுவதும் உள்ள வலிதான் இது. 2020-ஆம் வருடக் கணக்குப்படி 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம். ஆனால் நம் திருப்பூர் வேலைக்கு என்று தனியான விஷயங்கள் உண்டு. பவர் டேபிளில் ஓவர்லாக், பிளாட்லாக் ஓட்டுகிற டெய்லர் அக்கா, சாய்மானம் இல்லாத ஸ்டூலில் உட்கார்ந்து, ஊசியைப் பார்த்துக் குனிந்தபடியே நாள் முழுக்க இருக்கிறார். செக்கிங் பெண்களும் பேக்கிங் பெண்களும் காலையில் நின்றால் இரவு வரைக்கும் நிற்கிறார்கள். கைமடிக்கும் பெண் பீஸ் கட்டுகளைக் குனிந்து எடுத்துத் திரும்பித் திரும்பி வைக்கிறாள். பல்லடம், சோமனூர் பக்கம் தறி ஓட்டுகிறவர்கள் கான்கிரீட் தரையிலே நடையாய் நடக்கிறார்கள். வீட்டில் பிசிறு வெட்டுகிறவர்கள் தரையில் சம்மணம் போட்டுக் கூன் விழுந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் குடம், துடைப்பம், துவைக்கிற கல். வீட்டு ஆம்பளைகளுக்கு இந்த இரண்டாவது ஷிப்ட் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, டிஸ்க் என்றால் என்ன? நம்மவர்கள் "ஜவ்வு விலகிடுச்சு" என்று சொல்கிறோமே, அதுதான். நம் முதுகெலும்பு ஒரே கம்பி இல்லை. சின்னச் சின்ன எலும்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தது. அசையக்கூடிய எலும்புகள் 24. அவற்றுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பவைதான் டிஸ்க்குகள்.

பிள்ளையார் சதுர்த்திக்குப் பூரணக் கொழுக்கட்டை பிடிக்கிறோம் இல்லையா? வெளியே மாவு, உள்ளே பூரணம். டிஸ்க்கும் அப்படித்தான். வெளியே நார் நாராகக் கெட்டியான வளையம், உள்ளே பிசுபிசுவென்ற கூழ். கொழுக்கட்டையை முன் பக்கம் அமுக்கினால் பூரணம் பின் பக்கம் பிதுங்கும். நாம் முன்னால் குனியும்போது டிஸ்க்கின் முன் பக்கம் அமுங்கி, உள்ளே இருக்கிற கூழ் பின் பக்கம் தள்ளப்படுகிறது. ஒரு நாள் குனிந்தால் ஒன்றும் ஆகாது. வருடக்கணக்கில் அதே மாதிரி அமுங்கி, வெளி வளையம் நைந்துபோய், ஒரு நாள் சாதாரணமாகத் தண்ணிக் குடத்தைத் தூக்கும்போதோ, தும்மும்போதோ பிதுங்கிவிடும். அன்றைக்குத் தூக்கிய குடத்தின் மேல் பழியைப் போடுகிறோம்.

பின் பக்கம் என்ன இருக்கிறது? காலுக்குப் போகிற நரம்புகள் அங்கேதான் புறப்படுகின்றன. பிதுங்கியது நரம்பில் படும்போது வலி இடுப்போடு நிற்காது. புட்டத்தில் இறங்கி, தொடைக்குப் பின்னால் போய், கெண்டைக்கால், பாதம் வரைக்கும் மின்சாரம் பாய்கிற மாதிரி இழுக்கும். கால் விரல் மரத்துப்போகும். இருமினால் சுரீர் என்கும். பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் இது வருகிறது. உடம்பின் பாரம் முழுக்க இறங்குகிற இடம் அது.

ஆனால் இடுப்பு வலி எல்லாமே டிஸ்க் விலகியதால் வருவது இல்லை. பெரும்பாலான வலி தசை, தசைநார், மூட்டு இவற்றின் களைப்பினாலும் பிடிப்பினாலும் வருவதுதான். கால் வரைக்கும் இறங்காமல் இடுப்பிலேயே நிற்கிற வலி என்றால், உடனே ஸ்கேனுக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை.

ஸ்கேன் பற்றி ஒரு விஷயம். 1994-இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு டிஸ்க் புடைத்திருந்தது. நூற்றுக்கு 27 பேருக்கு அதைவிட அதிகமாகவே துருத்திக்கொண்டிருந்தது. ஒரு வலியும் இல்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்! தலை நரைக்கிற மாதிரி டிஸ்க்கும் வயசாக ஆகக் காய்கிறது, புடைக்கிறது. ரிப்போர்ட்டில் "பல்ஜ்" என்று எழுதியிருக்கிறது, இனிமேல் என் வாழ்க்கை அவ்வளவுதான் என்று ஒரு தங்கை என்னிடம் அழுதாள். அந்தப் பேப்பரை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யக்கூடாது. கால் வலி எந்தப் பக்கம், எந்த இடத்தில் மரப்பு, பலம் குறைந்திருக்கிறதா என்று டாக்டர் உங்களைத் தொட்டுப் பார்த்துச் சோதித்தாரா? ஸ்கேனும் சோதனையும் ஒத்துப்போகிறதா? அதைக் கேளுங்கள்.

இன்னொரு நல்ல செய்தி. நிஜமாகவே டிஸ்க் பிதுங்கி நரம்பில் பட்டிருந்தாலும், பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்தில் ஆபரேஷன் இல்லாமலே குறைந்துவிடுகிறது. வெளியே வந்த கூழை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது. 2007-இல் நெதர்லாந்தில் கால் வலி கடுமையாக இருந்த 283 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குச் சீக்கிரமே ஆபரேஷன், மீதிப் பேருக்கு மருந்தும் கவனிப்பும். ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது, அது உண்மை. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் நூற்றுக்கு 95 பேர் தேறியிருந்தார்கள். பொறுத்துப் பார்த்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குப் பிறகு ஆபரேஷன் தேவைப்பட்டது, மற்றவர்களுக்குத் தேவைப்படவே இல்லை. அதனால், "நாளைக்கே செய்யாவிட்டால் கால் விழுந்துவிடும்" என்று யாராவது பயமுறுத்தினால், காலின் பலம் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று கேட்டு, இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் அரசு மருத்துவமனைக்குப் போய் வந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆனால் காத்திருக்கவே கூடாத சமயங்களும் உண்டு. இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள், வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள்.

முதுகு வலியோடு சிறுநீர் போக முடியாமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமலே போனாலோ, மலம் கட்டுப்படாமல் போனாலோ, சைக்கிள் சீட்டில் உட்காரும்போது படுகிற இடம் முழுக்க மரத்துப்போனாலோ, இரண்டு காலும் பலம் இழந்தாலோ, அன்றைக்கே, ராத்திரியாக இருந்தாலும், 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். முதுகுத்தண்டின் அடியில் இருக்கிற நரம்புக் கொத்து மொத்தமாக அமுங்குவதன் அறிகுறி அது. மணிக்கணக்கு முக்கியம். தாமதமானால் வாழ்நாள் முழுக்கச் சிறுநீர்க் குழாயோடு இருக்க வேண்டி வரலாம். இந்த இடத்தில் மரப்பு என்று சொல்ல நம் பெண்கள் வெட்கப்படுகிறார்கள். டாக்டரிடம் "கால் வலி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். தயவு செய்து சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் நர்ஸ் அம்மாவிடமாவது சொல்லுங்கள்.

பாதம் தொங்கிப்போய் செருப்பு கழன்று கழன்று விழுந்தால், அதுவும் நாள் கடத்தக்கூடாத அறிகுறி. வலியோடு சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல், ராத்திரி படுத்தாலும் விடாத வலி இருந்தால் முதுகெலும்பில் காசநோயாக இருக்கலாம். காசநோய் நெஞ்சில் மட்டும் வருவது இல்லை. அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம், முழுசாகச் சாப்பிட்டால் குணமாகும். ஏற்கெனவே புற்றுநோய் வந்தவர்களும், வழுக்கி விழுந்த வயதான அம்மாக்களும் வலி வந்தால் உடனே காட்ட வேண்டும்.

இப்போது நம் ஊர் நம்பிக்கைகளுக்கு வருகிறேன். யாரும் கோபித்துக்கொள்ளக்கூடாது.

முதலாவது, "சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க, அன்னைக்குப் புடிச்ச வலி." இதை நான் போகிற எல்லாக் குழுவிலும் கேட்கிறேன். ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கும், அது உண்மை. ஆனால் முதுகில் ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் நீண்ட நாள் முதுகு வலியில் வித்தியாசம் தெரியவில்லை. பிரசவம் ஆன பெண்ணுக்கு வலி வருவதற்குக் காரணம் வேறு. பத்து மாதம் வயிறு இழுபட்டு வயிற்றுத் தசை தளர்ந்துபோய் இருக்கிறது. முதுகைத் தாங்குவதே அந்தத் தசைதான். அதோடு குனிந்தே பால் கொடுப்பது, குழந்தையை ஒரே பக்க இடுப்பில் வைத்துக்கொண்டே வேலை செய்வது, மூன்றாவது மாதமே கம்பெனிக்குத் திரும்புவது. ஊசியைத் திட்டிக்கொண்டிருந்தால் வயிற்றுத் தசைக்குப் பயிற்சி செய்ய மாட்டோம். அதுதான் நஷ்டம்.

இரண்டாவது, "வெள்ளைப்படுது, எலும்பு உருகி வெளியே போகுது, அதான் இடுப்பு வலி." எலும்பு உருகி வெளியே வராது. வெள்ளைப்படுதல் ஓரளவு எல்லாப் பெண்களுக்கும் இயற்கை. அரிப்பு, நாற்றம், நிறம் மாறினால் அது தொற்று, அதற்குத் தனி மருந்து உண்டு. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு, "கர்ப்பப்பையை எடுத்துட்டா வலி போயிடும்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கர்ப்பப்பையில் கட்டி, அடியிறக்கம், அடங்காத உதிரப்போக்கு என்று இருந்தால் விஷயம் வேறு, அவற்றில் சிலவற்றால் இடுப்பும் வலிக்கலாம், டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். ஆனால் வெறும் முதுகு வலிக்காகக் கர்ப்பப்பையை எடுத்துக்கொள்ளாதீர்கள். சினைப்பையையும் சேர்த்து எடுத்தால் எலும்பு இன்னும் சீக்கிரமாக மெலியும். இருக்கிற வலி போகாது, புது வலி வரும். 2019-இல் மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் பலர் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டிருந்தது வெளியே வந்து, அந்த மாநில அரசு விசாரணைக் குழு போட்டது நினைவிருக்கும். வேலைக்கு லீவு எடுக்க முடியாத பெண்களின் கதை அது. நமக்கு ரொம்பத் தூரத்துக் கதை இல்லை.

மூன்றாவது, காலோடு பிறந்தவரை விட்டு முதுகை மிதிக்கச் சொல்வது, சுளுக்கு எடுக்கிறவரிடம் முறுக்கிவிடச் சொல்வது. எண்ணெய் தேய்த்து இதமாக நீவிவிட்டு, வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதில் தப்பில்லை, தசைப் பிடிப்புக்கு நன்றாகவே இருக்கும். மிதிப்பதும் இடுப்பை வெடுக்கென்று திருப்புவதும் வேண்டாம். பிதுங்கிய டிஸ்க் இருந்தால் இன்னும் மோசமாகும்.

மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசினார்கள். மாதவிலக்கு வலிக்கு ஆலையிலே பெயரே இல்லாத மாத்திரை கொடுத்ததாக அவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நாமும் என்ன செய்கிறோம்? மெடிக்கலில் போய் "முதுகு வலிக்கு ரெண்டு செட்" என்று கேட்டு, பேப்பரில் மடித்துத் தருவதை விழுங்கிவிட்டு ஷிப்ட்டுக்குப் போகிறோம். வலி மாத்திரைகள் பல, வெறும் வயிற்றில் மாதக்கணக்கில் சாப்பிட்டால் குடலில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இருப்பவர்களுக்கு இன்னும் ஆபத்து. போட்ட உடனே பறக்க வைக்கிற ஊசியில் ஸ்டீராய்டு இருக்கலாம். டாக்டர் எழுதிக் கொடுத்தது, சில நாளைக்கு, சாப்பிட்ட பிறகு. அவ்வளவுதான். மாத்திரைப் பட்டையைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள், எதைச் சாப்பிட்டோம் என்றாவது தெரியட்டும்.

படுக்கை ஓய்வு பற்றியும் பழைய எண்ணத்தை மாற்ற வேண்டும். "மூணு மாசம் பலகையில படுத்துக்கிடக்கணும்" என்பார்கள். 1995-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கியில் நகராட்சி ஊழியர்களை மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். திடீர் முதுகு வலி வந்தபோது படுத்தே இருந்தவர்கள், பயிற்சி மட்டும் செய்தவர்கள், முடிந்த வரை வழக்கமான வேலையைச் செய்தவர்கள் என்று. மூன்றாவது பிரிவினர்தான் சீக்கிரம் தேறினார்கள். வலி கடுமையாக இருந்தால் ஓரிரு நாள் படுங்கள். ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொண்டால் சுகமாக இருக்கும். அப்புறம் எழுந்து நடமாடுங்கள். பெல்ட்டை நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம். நாள்பட்ட இடுப்பு வலிக்கு இடுப்பு பெல்ட்டையும், இழுவை வைத்தியத்தையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது.

அப்படியானால் எது நல்லது? நடை. ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2024-இல் வெளியானது. எல்லோரும் ஒரு முறை இடுப்பு வலி வந்து தேறியவர்கள். படிப்படியாக நடையைக் கூட்டி, வாரம் 5 நாள் தினம் அரை மணி நேரம் வரை நடக்கச் சொன்னார்கள். நடக்காதவர்களுக்குச் சராசரியாக 112 நாளில் வலி திரும்பியது. நடந்தவர்களுக்கு 208 நாள் ஆனது. "நாள் முழுக்கக் கம்பெனியில நின்னுக்கிட்டுத்தானே இருக்கோம், இதுல நடை வேறயா" என்று கேட்பீர்கள். ஒரே இடத்தில் நிற்பது நடை ஆகாது. கையை வீசி, சுமை இல்லாமல் நடப்பது வேறு. வேன் நிற்கும் இடத்துக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தால்கூடப் போதும், ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேராகச் சேர்ந்து போனால் பேச்சுத் துணையும் ஆச்சு.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சி மூன்று சொல்கிறேன், மேடையிலேயே செய்தும் காட்டினேன். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, பாதத்தை ஊன்றி, இடுப்பை மெதுவாக மேலே தூக்கி ஐந்து எண்ணிக்கை வைத்து இறக்குவது ஒன்று. கை, முழங்கால் ஊன்றித் தவழ்கிற குழந்தை மாதிரி இருந்து, முதுகைப் பூனை போல மேலே வளைத்துப் பின் தளர்த்துவது இரண்டாவது. குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கிக் கொஞ்ச நேரம் இருப்பது மூன்றாவது. நாள் முழுக்கக் குனிகிறவர்களுக்கு இந்த மூன்றாவது பயிற்சி ரொம்ப இதமாக இருக்கும். ஆனால் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி செய்யும்போது காலில் இருந்த வலி மேலே ஏறி இடுப்புக்கு வந்தால் நல்லது, தொடரலாம். இடுப்பில் இருந்த வலி காலில் கீழே இறங்கினால் நிறுத்திவிட்டு இயன்முறை சிகிச்சையாளரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகள் குப்புறப் படுக்கிற பயிற்சியைச் செய்ய வேண்டாம்.

வேலை செய்கிற இடத்துக்கு வருவோம். ஸ்வீடன் நாட்டு டாக்டர் நாக்கெம்சன் 1960-களில் டிஸ்க்குக்குள் ஊசி விட்டு அழுத்தத்தை அளந்தார். நேராக நிற்கும்போது 100 என்று வைத்தால், மல்லாந்து படுத்தால் 25, உட்கார்ந்தால் 140, உட்கார்ந்து முன்னால் குனிந்தால் 185. பிறகு 1999-இல் ஜெர்மனியில் அளந்தபோது நிற்பதற்கும் நேராக உட்காருவதற்கும் அவ்வளவு வித்தியாசம் இல்லை என்று வந்தது. ஆனால் குனிந்து தூக்குவது மோசம் என்பது அதிலும் உறுதி ஆனது. 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கினால் நிற்கும்போது இருப்பதைப் போல நாலரை மடங்கு, முழங்காலை மடக்கித் தூக்கினால் சுமார் மூன்றரை மடங்கு. அதே எடையை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் இன்னும் குறைவு.

அதனால் கட்டைத் தூக்கும்போது உட்கார்ந்து எழுந்து, நெஞ்சோடு அணைத்துத் தூக்குங்கள், இடுப்பை முறுக்காமல் காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். ஒரு நடைக்குப் பதில் இரண்டு நடை. டெய்லர்கள் ஸ்டூலின் உயரத்தைப் பாருங்கள். தைக்கும்போது முழங்கை மேசை மட்டத்துக்கு வர வேண்டும், பெடல் காலுக்கு நேராக இருக்க வேண்டும். பனியன் வேஸ்ட்டைத் துணிப்பையில் அடைத்துத் தைத்து, பின் பக்கம் கொஞ்சம் உயரமாக இருக்கிற மாதிரி மெத்தை செய்து போட்டுக்கொண்டால் முதுகு தானாக நிமிரும். காசு இல்லாத வைத்தியம் இது. செக்கிங்கில் நிற்பவர்கள் காலடியில் ஒரு செங்கல்லோ மரக்கட்டையோ போட்டு, ஒரு காலை மாற்றி மாற்றி அதன் மேல் வைத்து நில்லுங்கள். பிசிறு வெட்டுகிறவர்கள் சுவரில் சாய்ந்து, துணியை மடிக்குக் கொண்டுவராமல் ஒரு முக்காலி மேல் வைத்து வெட்டுங்கள். வீட்டில் நீளக் கைப்பிடி உள்ள துடைப்பம் வாங்குங்கள். குடத்தை ஒரே இடுப்பில் சுமக்காமல், இரண்டு சின்னக் குடமாக இரண்டு கையிலும் எடுத்து வாருங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், ஒரே நிலையில் இருக்காமல் அரை மணிக்கு ஒரு தடவை ஒரு நிமிஷமாவது எழுந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துப் பின்னால் சாய்வது. "பீஸ் ரேட்டுங்க, எழுந்தா காசு போகும்" என்பீர்கள். ஒரு நிமிஷத்தில் போகிற பீஸையும், மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாமல் போகிற பீஸையும் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். பாத்ரூம் போக விடமாட்டார்கள் என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பது இன்னொரு கெட்ட பழக்கம். தண்ணீர் குடித்தால் எழுந்தே ஆக வேண்டும், முதுகுக்கும் நல்லது, சிறுநீரகத்துக்கும் நல்லது.

கடைசியாக ஈ.எஸ்.ஐ. உங்கள் சம்பளத்தில் 100 ரூபாய்க்கு 75 காசு பிடிக்கிறார்கள், முதலாளி 3 ரூபாய் 25 காசு போடுகிறார். 2019 ஜூலையில் இந்த விகிதம் வந்தது. காய்ச்சல் மாத்திரைக்கு மட்டும்தான் ஈ.எஸ்.ஐ. என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். முதுகு வலியால் வேலைக்குப் போக முடியாது என்று ஈ.எஸ்.ஐ. டாக்டர் சான்று கொடுத்தால், வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் பணமாகக் கிடைக்கும். அதற்கு, கணக்கிடும் ஆறு மாதத்தில் 78 நாளாவது உங்களுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். இதற்கும் மேலே ஒன்று உண்டு. நீண்ட நாள் நோய்களுக்கு என்று 34 நோய்களின் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் டிஸ்க் பிதுக்கமும் இருக்கிறது! இரண்டு வருடம் தொடர்ந்து காப்பீட்டில் இருந்து, அந்தக் காலத்தில் 156 நாள் பணம் கட்டியிருந்தால், 80 சதவீதம் வரை, நீண்ட காலத்துக்குப் பெற வழி உண்டு. இதெல்லாம் நம் பணம், தர்மம் இல்லை. கார்டு எண், சம்பளச் சீட்டு இவற்றைப் பத்திரமாக வைத்து, கிளை அலுவலகத்தில் கேளுங்கள். ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. 2022 ஜனவரியில் திறந்த திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. நடக்கவே முடியாதவர்கள் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வந்து தருகிறார்கள், உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

 சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.

உறுப்பினர்கள் கேட்டவை:

"முதுகு வலிக்காரங்க தரையில படுக்கணுமா, கட்டில்ல படுக்கணுமா?" – குழி விழாத எதுவும் சரிதான். கயிற்றுக் கட்டில் தொய்ந்திருந்தால் இழுத்துக் கட்டுங்கள். வெறும் சிமெண்ட் தரை வேண்டாம், எழுந்திருக்கும்போதுதான் கஷ்டம். எழும்போது நேராக எழாமல், ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுங்கள்.

"எனக்கு சர்க்கரை இருக்குதுங்க. கால் மரத்துப்போறது டிஸ்க்கா, சர்க்கரையா?" – இரண்டாகவும் இருக்கலாம். சர்க்கரையால் வரும் மரப்பு பெரும்பாலும் இரண்டு பாதத்திலும் ஒரே மாதிரி, காலுறை போட்ட மாதிரி இருக்கும். டிஸ்க்கால் வருவது அநேகமாக ஒரு காலில், இடுப்பிலிருந்து கோடு போட்ட மாதிரி இறங்கும். டாக்டரிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

"புருசன்கிட்ட குடம் தூக்கச் சொன்னா ஊரே சிரிக்கும்ங்களே?" – ஒரு வாரம் சிரிக்கும். எட்டாவது நாள் வேற யாரையாவது பார்த்துச் சிரிக்கப் போய்விடும்.

"செக்கிங்ல ஸ்டூல் கேட்டா, உட்கார்ந்தா தூங்கிடுவீங்கன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. நாங்க என்ன பண்றது?" – நின்று வேலை செய்கிறவர்களுக்கு இடையிடையே உட்கார வசதி தர வேண்டும் என்று 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆவது பிரிவிலேயே எழுதியிருந்தார்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் உட்கார வசதி என்பது இருக்கிறது. ஜவுளிக்கடை, நகைக்கடைப் பெண்களுக்காகத் தமிழ்நாடு 2021-இல் தனியாகவே சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. தனியாகப் போய்க் கேட்டால் வேலைக்கு ஆபத்து என்று பயம் இருக்கும், அது நியாயமான பயம். அதனால் கூட்டமைப்பின் பெயரில், கம்பெனிகளின் பெயர் குறிப்பிடாமல், பொதுவான கோரிக்கையாக ஒரு கடிதம் தயார் செய்வது என்று இந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் போடப்பட்டது. கடிதத்தை எடுத்துக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போக மூன்று உறுப்பினர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு பேர் வேண்டும். வர விருப்பம் உள்ளவர்கள் வரும் சனிக்கிழமைக்குள் உங்கள் ஊக்குநரிடம் சொல்லுங்கள்.